யாருக்காக இந்தக் கட்டு?
கேபிள் கட்டணமும் கிரிக்கெட்டும் நம் வீட்டுத் தமிழும்

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



ரேஷன் கார்டு, வீட்டுப் பட்டா, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்று எத்தனையோ பிரச்சினைகளைப் பேசிய மேடை இது. இன்றைக்கு டி.வி. கட்டணத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் சில தோழர்கள் சிரித்தார்கள். "வேறு வேலை இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லி விடுகிறோம். கேட்டுவிட்டுப் பிறகு சிரிக்கலாம்.

நம் சந்தில் குடியிருக்கும் ஓர் அக்கா, நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர், கேபிள் ரசீதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். "ஏ தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்தோம். இந்திச் சேனல்கள் வரிசையாக இருந்தன. மராத்திச் சேனல்கள் இருந்தன. விளையாட்டுச் சேனல்கள் நாலைந்து இருந்தன. தமிழ்ச் சேனல்களைக் கடைசியில் தனியாகச் சேர்த்து, அதற்குத் தனியாகக் காசும் போட்டிருந்தார்கள். அந்த அக்கா கேட்டார்: "நான் கிரிக்கெட்டு பார்த்து என்ன செய்யப் போறேன் தம்பி? மத்தியானம் வேலை முடிச்சு வந்து உக்காந்தா நம்ம ஊருப் பேச்சு காதுல விழணும். அதுக்கு எதுக்கு இம்புட்டு ரூவா?"

கேள்வி நியாயமானது. உடனே கேபிள்காரரைக் கூப்பிட்டோம். அவரும் நம் ஆள்தான், நெல்லைச் சீமைக்காரர். "அந்த அக்காவுக்கு வேண்டியது தமிழ்ச் சேனல் மூன்றோ நான்கோதான், அதை மட்டும் கொடுங்கள்" என்றோம். அவர் சொன்ன பதில் இது: "தாராளமாக் கொடுக்கிறேன் அண்ணாச்சி. சட்டமே அப்படித்தான் சொல்லுது. ஆனா தனித்தனியா எடுத்தா இப்ப கட்டுறதைவிடக் கூட ஆகும். பேக்கை எடுத்துக்கிடச் சொல்லுங்க, அதுதான் லாபம்."

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் சொன்னதில் பொய் இல்லை. வேண்டியதை மட்டும் வாங்கினால் செலவு அதிகம், வேண்டாததையும் சேர்த்து வாங்கினால் செலவு குறைவு! காய்கறிக் கடையில் இப்படி நடந்தால் நாம் சும்மா இருப்போமா? கால் கிலோ தக்காளிக்கு 20 ரூபாய், தக்காளியோடு பாகற்காயும் பூசணியும் சேர்ந்த கூடைக்கு 18 ரூபாய் என்று ஒருவன் விற்றால், "இதில் என்னவோ சூது இருக்கிறது" என்று நம் தாய்மார்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்து விடுவார்கள். அந்தச் சூது என்ன, அதைத் தடுக்க அரசாங்கம் போட்ட விதிகள் என்ன, அந்த விதிகள் என்ன ஆயின என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

இந்த நாட்டில் ஒரு காலத்தில் தூர்தர்ஷன் மட்டும்தான். 1991-ல் வளைகுடாப் போர் நடந்தபோது வெளிநாட்டுச் சேனல்கள் செயற்கைக்கோள் வழியாக இங்கே வந்து இறங்கின. மொட்டை மாடியில் ஒரு டிஷ், சந்துக்குச் சந்து ஒயர் என்று கேபிள் தொழில் சட்டம் ஏதும் இல்லாமலே வளர்ந்தது. கேபிளுக்கென்று ஒரு சட்டம் வந்தது 1995-ல்.

அதே 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றிய வழக்குத்தான் அது. வங்காளக் கிரிக்கெட் சங்கம் 1993-ல் நடத்திய ஹீரோ கோப்பைப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் ஆட்சேபித்தது. நீதிமன்றம் என்ன சொன்னது? வானலைகள் மக்களின் பொதுச் சொத்து, அவற்றின் மேல் அரசாங்கத்துக்கும் ஏகபோகம் கிடையாது, மக்களின் நலனுக்காக ஒரு பொது அமைப்பு அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது. தோழர்களே, இதை மனதில் இருத்திக் கொள்ளுங்கள். கம்பெனிகள் விற்பது தங்கள் சொந்த நிலத்தில் விளைந்த சரக்கை மட்டுமல்ல. நமக்கெல்லாம் சொந்தமான ஆகாயத்தின் வழியாக வரும் சரக்கை நமக்கே விற்கிறார்கள். அதனால்தான் விலையைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

2004 ஜனவரியில் இந்தப் பொறுப்பு, தொலைபேசிக் கட்டணங்களைக் கவனித்துவந்த டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கொடுக்கும் ஏற்பாடு முதலில் நடைமுறைக்கு வந்தது நம் சென்னையில்தான், 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி. 2006-ஆம் ஆண்டின் கடைசி நாள் முதல் மும்பை, டெல்லி, கொல்கத்தா நகரங்களின் சில பகுதிகளுக்கும் அது வந்தது. மும்பையில் தென்பகுதிக்கு மட்டும். அப்போது டிராய் விதித்த விலை என்ன தெரியுமா? இலவசச் சேனல்கள் குறைந்தது 30 கொடுக்க 77 ரூபாய், கட்டணச் சேனல் எதுவானாலும் ஒன்றுக்கு அதிகபட்சம் 5 ரூபாய். சினிமாச் சேனலுக்கும் 5 ரூபாய்தான், கிரிக்கெட் சேனலுக்கும் 5 ரூபாய்தான். கம்பெனிகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த ஏற்பாடு நாடு முழுவதும் பரவவே இல்லை.

2019-ல் வந்த வாக்குறுதி

அடுத்த பெரிய முயற்சி 2017 மார்ச்சில் டிராய் வெளியிட்ட கட்டண ஆணை. கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின, அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டிராயின் அதிகாரத்தை உறுதி செய்தது. 2019 பிப்ரவரி 1 முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

அந்த ஆணையின் சாரம் இதுதான். ஒவ்வொரு சேனலுக்கும் அதன் கம்பெனி ஒரு சில்லறை விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கேபிளானாலும் டிஷ் ஆனாலும் அதே விலை. எந்தச் சேனலையும் தனியாகக் கேட்டால் தனியாகக் கொடுக்க வேண்டும். யார் மேலும் எந்தத் தொகுப்பையும் திணிக்கக் கூடாது. கம்பெனிக்காரர்கள் இந்தத் தொகுப்பைப் 'பொக்கே' என்கிறார்கள், பூங்கொத்தாம்! நாம் பேக் என்கிறோம். ஒயருக்கும் இணைப்புக்குமாக 100 சேனல்வரை அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. ஒரு சேனலின் விலை 19 ரூபாய்க்கு மேல் போனால் அதைப் பேக்கில் சேர்க்கக் கூடாது, தனியாகத்தான் விற்க வேண்டும்.

படித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். சன் டி.வி.க்கு 19 ரூபாய், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1-க்கு 19 ரூபாய் என்று முதன்முறையாக விலை நம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் 19 ரூபாய்க்கு மேல் போனால் பேக்கில் இடமில்லை என்றதும் என்ன ஆயிற்று? பெரிய பெரிய சேனல்கள் எல்லாம் அந்த 19 ரூபாயிலேயே வந்து நின்றன. உச்சவரம்பு என்று வைத்தது சந்தை விலையாகவே ஆகிவிட்டது.

பெரும்பாலான மக்கள் பட்டியல் பார்த்துத் தேர்வு செய்யவில்லை. எத்தனை பேருக்கு அது புரிந்தது? ஆகவே 2019 பிப்ரவரியில் டிராய் இன்னோர் அறிவிப்புக் கொடுத்தது. தேர்வு செய்யாத வீடுகளுக்கு, அவர்கள் பார்க்கும் பழக்கத்தையும் பேசும் மொழியையும் கவனித்து, பொருத்தமான திட்டம் ஒன்றைக் கேபிள்காரர்களே கொடுக்க வேண்டும் என்றது. பேசும் மொழி! கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது. ஆனால் மும்பையில் ஒரு வீட்டுக்குள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று யார் வந்து கேட்டார்கள்? ஊரைப் பார்த்து மொழியை முடிவு செய்தார்கள். நம் சந்துகளில் பல வீடுகளுக்கு இந்தி, மராத்திப் பேக்குகள்தான் வந்து சேர்ந்தன. மராத்தி இந்த மண்ணின் மொழி, நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி. அதன்மேல் நமக்கு மரியாதை உண்டு, நம் பிள்ளைகள் அதைப் படிக்கவும் வேண்டும். ஆனால் பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயது ஆத்தாவுக்குத் தமிழ் ஒன்றுதான் துணை. அந்தத் துணை மட்டும் இங்கே உபரிச் செலவு என்று ஆகிவிட்டது.

மூன்றுக்கு 57, ஐந்துக்கு 52

இப்போது சூது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தாய்மார்கள் விரல் மடக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஒரு கம்பெனியிடம் 19 ரூபாய்ச் சேனல்கள் ஐந்து இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். ஐந்தையும் தனித்தனியாக வாங்கினால் 95 ரூபாய். நமக்கு வேண்டியது மூன்று, அதன் விலை 57 ரூபாய்.

கம்பெனி ஐந்தையும் பேக்காகக் கட்டி 100-க்கு 15 மட்டும் தள்ளுபடி கொடுத்தால் விலை 80 ரூபாய் 75 காசு. மூன்று வேண்டியவர் 57 ரூபாய்க்கு மூன்றை வாங்கிக்கொண்டு போவார். அவருடைய தேர்வுக்கு அர்த்தம் இருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி என்றால் பேக்கின் விலை 63 ரூபாய் 33 காசு. அப்போதும் மூன்றைத் தனியாக வாங்குவதுதான் லாபம்.

100-க்கு 45 தள்ளுபடி என்றால்? பேக்கின் விலை 52 ரூபாய் 25 காசு. மூன்று சேனல் 57, ஐந்து சேனல் 52! இனி யாராவது மூன்றைத் தனியாக வாங்குவாரா? "தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று சட்டம் சொல்லும். அந்த உரிமையைப் பயன்படுத்தினால் 5 ரூபாய் அபராதம் என்று விலைப்பட்டியல் சொல்லும். அந்த அக்காவின் ரசீதில் நடந்தது இதுதான்.

தள்ளுபடி என்பது நமக்குத் தரும் சலுகை என்றல்லவா நினைக்கிறோம்? தனி விலையை வேண்டுமென்றே உயர்த்தி வைத்துவிட்டு, பேக்கின் விலையைக் குறைத்துக் காட்டினால் அது சலுகை ஆகாது, நம்மைப் பேக்குக்குள் தள்ளும் தந்திரம். புதிய முறை வந்த பிறகு 70 விழுக்காடு வரை தள்ளுபடியில் பேக்குகள் விற்கப்பட்டதை 2019 ஆகஸ்டில் டிராயே எடுத்துச் சொன்னது.

இந்த 15, 33, 45 என்ற மூன்று எண்களும் நாமாகக் கற்பனை செய்தவை அல்ல, இவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2017 ஆணையில் டிராய் முதலில் வைத்த வரம்பு 15 விழுக்காடு. சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் அந்த ஒரு விதியை மட்டும் ஏற்கவில்லை. 15 என்பதற்குக் காரணம் காட்டப்படவில்லை என்று அது போயிற்று. வேலி போனது, பயிர் மேய்ந்தது.

2020 ஜனவரி 1-ல் டிராய் திருத்தம் கொண்டுவந்தது. பேக்கில் உள்ள சேனல்களின் தனி விலைகளைக் கூட்டினால் அது பேக்கின் விலையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றது. அதாவது மூன்றில் ஒரு பங்குத் தள்ளுபடிதான் எல்லை. பேக்கில் சேரும் சேனலின் விலை 19 ரூபாயிலிருந்து 12 ரூபாய்க்கு இறக்கப்பட்டது. கம்பெனிகள் இந்த ஊர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 30-ல் ஒரு நிபந்தனையை மட்டும் நீக்கிவிட்டு மற்றவை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

வென்றோம் என்று நினைத்திருப்பீர்கள். அதுதான் இல்லை. 2021 அக்டோபரில் பெரிய கம்பெனிகள் புதிய விலைகளை அறிவித்தன. மக்கள் விரும்பிப் பார்க்கும் சேனல்களையும் விளையாட்டுச் சேனல்களையும் பேக்குகளை விட்டு வெளியே எடுத்து, 12 ரூபாய்க்கு மேல் விலை வைத்தன. "இப்படிச் செய்தால் எல்லோர் வீட்டுக் கட்டணமும் ஏறும், பரவாயில்லையா?" என்று அரசாங்கத்தையும் மக்களையும் பார்த்துக் கேட்பதுபோல் இருந்தது அது. தேதி தள்ளிப் போடப்பட்டது, பிறகும் தள்ளிப் போடப்பட்டது. கடைசியில் 2022 நவம்பர் 22-ல் டிராய் இறங்கி வந்தது. மறுபடியும் 19 ரூபாய். தள்ளுபடி 45 விழுக்காடு வரை. 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, புதிய விலைக்குக் கையெழுத்துப் போட மறுத்த கேபிள் கம்பெனிகளுக்குப் பெரிய சேனல் கம்பெனிகள் சில நாட்கள் ஒளிபரப்பையே நிறுத்தின. காசு கட்டியிருந்த மக்கள் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

2024 ஜூலையில் இன்னும் ஒரு படி. இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டது. கேபிள், டிஷ் கம்பெனிகள் சொந்தமாகக் கட்டும் பேக்குகளுக்கு இருந்த 15 விழுக்காட்டு எல்லையும் 45 ஆக உயர்த்தப்பட்டது. சந்தையே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். சந்தை யாரைப் பார்த்துக்கொண்டது என்று நமக்குத் தெரியும்.

ஒரு பந்துக்கு 24 லட்சம்

சரி, இத்தனை பிடிவாதமாகப் பேக்கைக் காப்பாற்றப் போராடுகிறார்களே, எதற்காக? இங்கேதான் கிரிக்கெட் வருகிறது.

ஐ.பி.எல். போட்டிகளை 2018 முதல் 2022 வரை காட்டும் உரிமை 16,347 கோடியே 50 லட்சம் ரூபாய்க்குப் போனது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு, 2023 முதல் 2027 வரை, 2022 ஜூனில் ஏலம் நடந்தது. மொத்தம் 48,390 கோடி ரூபாய். ஏறத்தாழ மூன்று மடங்கு. இதில் இந்தியாவில் டி.வி.யில் காட்டும் உரிமைக்கு மட்டும் 23,575 கோடி. 410 போட்டிகளுக்கு இந்தத் தொகை என்றால் ஒரு போட்டிக்கு 57 கோடியே 50 லட்சம். இரு அணிகளும் சேர்ந்து 240 பந்து வீசினால், ஒரு பந்துக்குக் கிட்டத்தட்ட 24 லட்சம் ரூபாய்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஒரு பகுதி விளம்பரத்திலிருந்து வரும். மீதி நம் வீடுகளிலிருந்து வரவேண்டும். கிரிக்கெட் பார்க்கிறவர்களிடம் மட்டும் வசூலித்தால் விளையாட்டுச் சேனலின் விலை ஏறும், ஏறினால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். ஆகவே சேனலை 19 ரூபாயில் நிறுத்தி, சீரியல் சேனலோடும் சினிமாச் சேனலோடும் சேர்த்துக் கட்டி, பார்க்கிறவன் பார்க்காதவன் எல்லோர் தலையிலும் அந்தச் செலவைப் பரப்புகிறார்கள். 12 ரூபாய் வரம்பை அவர்கள் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரம்பு நிலைத்திருந்தால் பெரிய விளையாட்டுச் சேனல்கள் விலையை இறக்க வேண்டும், இல்லையென்றால் கட்டை விட்டு வெளியே வந்து தனியாக நின்று தங்கள் விலையைச் சொல்ல வேண்டும்.

நாம் கிரிக்கெட்டுக்கு விரோதிகள் அல்ல. நம் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தைப் பார்த்து மகிழ்கிறவர்கள்தான் நாம். சென்னை அணி ஆடும் நாளில் இந்தச் சங்க அறையில் கால் வைக்க இடம் இருக்காது. ஆசைப்படுகிறவன் பார்க்கட்டும், அவன் விலையைக் கொடுக்கட்டும். அவன் விலையைப் பாத்திரம் தேய்க்கும் அக்கா ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

"டி.வி. எதற்கு, செல்போனில் பார்க்கலாமே" என்பார்கள் இளைஞர்கள். 2023-ல் ஐ.பி.எல். செல்போனில் இலவசமாகத்தான் வந்தது. டி.வி. உரிமை ஒரு கம்பெனியிடமும் இணைய உரிமை இன்னொரு கம்பெனியிடமும் இருந்த காலம் அது, போட்டியில் இலவசம் கிடைத்தது. 2024 நவம்பரில் அந்த இரண்டு கம்பெனிகளின் தொழிலும் ஒன்றாக இணைந்துவிட்டது. இணையத்தில் விலை இவ்வளவுதான் என்று சொல்ல டிராயின் இந்த ஆணைகளுக்கு அதிகாரமும் கிடையாது. நாளைய இலவசத்தை நம்பி இன்றைய உரிமையை விட்டுவிட முடியாது.

நாட்டுக்காக ஆடும் ஆட்டம்

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2007-ல் நாடாளுமன்றம் இயற்றியது. ஒலிம்பிக் போன்ற நாட்டுக்கு முக்கியமான போட்டிகளையும், இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களையும் யார் விலைக்கு வாங்கியிருந்தாலும் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. விளம்பர வருமானத்தில் உரிமைக்காரருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. ஏழை வீட்டிலும் நாட்டின் ஆட்டம் தெரியவேண்டும் என்று வந்த சட்டம் அது. ஐ.பி.எல். இந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. இப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம், தனியார் கேபிள் வழியாகப் போகக் கூடாது என்றது. சட்டத்தின் சொற்கள் அப்படி இருந்தன, நீதிமன்றம் அப்படிப் படித்தது. விளைவு என்ன? கேபிள் வீட்டில் தூர்தர்ஷன் வரும், நாட்டின் ஆட்டம் அதில் வராது. ஆட்டம் வேண்டுமானால் கட்டணச் சேனல் வாங்கு, இல்லையேல் இலவச டிஷ் வை.

இலவச டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் அதில் வரும் தனியார் சேனல்கள் பெரும்பாலும் இந்தி. தமிழுக்கு முக்கியமாகக் கிடைப்பது, 2024-ல் பொதிகை என்ற பெயர் மாறிய டி.டி. தமிழ். ஆகவே நம் குடும்பங்களின் நிலை இது: இலவச டிஷ்ஷுக்குப் போனால் ஆட்டம் கிடைக்கும், தமிழ் குறையும். கேபிளில் இருந்தால் தமிழ் கிடைக்கும், இரண்டுக்கும் காசு.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

நேர்மையாகப் பேச வேண்டும், தோழர்களே. பேக்கே கூடாது என்று நாம் சொன்னால் அது நமக்கே பாதகமாகும். பாட்டிக்குச் சீரியல், பிள்ளைக்குக் கார்ட்டூன், தகப்பனுக்குச் செய்தி, பையனுக்கு ஆட்டம் என்று ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் நம் வீடுகளுக்குப் பேக் பல சமயம் மலிவுதான். சின்னச் சேனல்கள் பல பேக்கில் தொற்றிக்கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. விலை வரம்பை மட்டும் வைத்துத் தள்ளுபடியைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2019 காட்டியது. இரண்டையும் அழுத்தினால் கம்பெனிகள் எப்படி வெளியே நழுவும் என்பதை 2021 காட்டியது. ஆகவே ஓர் எண்ணை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் உங்களுக்கு வாக்குறுதி கொடுக்கவில்லை.

கேபிள்காரரோடு சண்டைக்குப் போவதிலும் பயன் இல்லை. சேனல் விலையில் பெரும்பகுதி சேனல் கம்பெனிக்குப் போகிறது. இடையில் பெரிய கேபிள் கம்பெனி நிற்கிறது. மழையில் கம்பம் ஏறி ஒயர் கட்டுகிறவருக்குக் கிடைப்பது கடைசியில் மிஞ்சுவதுதான். அவரை நம் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்பது

முதலாவது, மொழிச் சேனல்களையும் விளையாட்டுச் சேனல்களையும் ஒரே பேக்கில் கட்டக் கூடாது. தமிழுக்கு ஒரு பேக், விளையாட்டுக்கு ஒரு பேக். வேண்டியவர் இரண்டையும் வாங்கட்டும்.

இரண்டாவது, தனியாக வாங்குவது கேலிக்கூத்தாகும் அளவுக்குத் தள்ளுபடி போகக் கூடாது. 45 விழுக்காடு குறைக்கப்பட வேண்டும். இம்முறை காரணத்தோடு, கணக்கோடு, நீதிமன்றத்தில் நிற்கும்படி.

மூன்றாவது, நாட்டின் அணி ஆடும் ஆட்டம் கேபிளில் வரும் தூர்தர்ஷனிலும் தெரியும்படி 2007 சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.

நான்காவது, இலவச டிஷ்ஷில் தமிழுக்கும் மற்ற மொழிகளுக்கும் இன்னும் இடம் வேண்டும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் தமிழர்கள் மட்டுமல்ல. சென்னையில் கட்டட வேலை செய்யும் ஒடியாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் அவரவர் மொழி வீட்டுக்கு வரவேண்டும். நமக்குக் கேட்பதை அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

டிராய் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு யாரிடமும் கருத்துக் கேட்கிறது. கம்பெனிகள் கட்டுக் கட்டாக எழுதி அனுப்புகின்றன. அடுத்த முறை நம் சங்கத்தின் கடிதமும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் உங்கள் வீட்டு ரசீது. ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அது நம் உரிமை. வீட்டில் உண்மையிலேயே பார்க்கும் சேனல்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைப் பெண்களே எழுதட்டும், ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது வேறு, வீட்டுக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது வேறு. இரண்டு தாள்களையும் சங்கத்தில் கொடுங்கள். மாணவர் பிரிவுத் தம்பி தங்கைகள் தனி விலையையும் பேக் விலையையும் ஒப்பிட்டு உங்கள் வீட்டுக்கு எது குறைவு என்று எழுதித் தருவார்கள். பிறகு சந்து சந்தாகச் சேர்ந்து கேபிள்காரரிடம் போவோம்.

அந்த அக்காவின் கதையை முடித்துவிடுகிறோம். அன்று அவரோடு உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தோம். இந்தியும் விளையாட்டும் கலந்த பேக்கை எடுத்துவிட்டு, தமிழ்ப் பேக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். மாதக் கட்டணம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்தத் தமிழ்ப் பேக்கிலும் ஒரு விளையாட்டுச் சேனல் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றச் சொன்னோம். கழற்றினால் விலை ஏறும் என்றார் கேபிள்காரர். அக்கா சிரித்துவிட்டு, "இருக்கட்டும் தம்பி, எப்பவாவது பேரன் வந்தா பார்ப்பான்" என்று சொல்லிவிட்டு மறுவீட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அவர் பொறுத்துக்கொண்டார். சங்கம் பொறுத்துக்கொள்ள முடியாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையில் ரசீதோடு வாருங்கள்.